மணியில் அடைத்த பாசி

டார்க் ரிட்ஜ், வட கரோலினா
20 செப்டம்பர் 1953

அன்புள்ள வெர்லி,

இங்கே எல்லோரும் சுகம். உன் இருமல் விட்டதா? லெஸ்டரும் குட்டி நெட்டியும் எப்படி இருக்கிறார்கள்? டயர் ஆலைப் புகைக்குத் தேன் நல்லது. அடுத்த பார்சலில் ஒரு ஜாடி வைக்கிறேன்.

இந்த வருஷம் பீன்ஸ் தாங்க முடியாத அளவுக்குக் காய்த்துவிட்டது. போன வியாழன் பிற்பகல் நம் வராந்தாவில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து நார் உரித்து நூலில் கோத்தோம். அன்றைக்குப் பார்த்துக் கல்லூரியிலிருந்து மிஸ் விட்லாக் என்ற பெண் டேப் ரெக்கார்டரோடு வந்தாள். அப்பாவின் கதைகளைத் தேடி வந்தாளாம். அப்பா போய் ஐந்து வருஷம் ஆகிறது என்றதும் முகம் தொங்கிவிட்டது. நான் சொல்கிறேன் என்றேன்.

ஹேட்டி டூலி பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "இதுக்குள்ள இவ சொல்ற பொய் அம்புட்டும் போயிடுமா? வயிறு பத்தாதே இதுக்கு!"

நான்கு கதை சொன்னேன். நம் வழக்கப்படி அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் பெயரையெல்லாம் உள்ளே போட்டேன். சூனியக்காரிக்கு ஹேட்டி பெயர். "சூனியக்காரின்னா பல்லு இருக்கணும்டி, எனக்கேது?" என்றாள். ராஜாவுக்கு என் மாமனார் பெயர். "ராஜான்னா சோறு உண்டா?" என்று கேட்டார். "பாதிக் கதை வரைக்கும் உண்டு மாமா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான். கடைசிக் கதை முடிவதற்குள் மாட்டைப் பார்க்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ஆர்ஃபா

---

ஆக்ரன், ஒஹாயோ
11 அக்டோபர் 1953

அன்புள்ள அக்கா,

இருமல் குறைந்திருக்கிறது. டாலஸ் அத்தானும் நீயும் நலம் என்று அறிந்து நிம்மதி. நெட்டிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன.

பீன்ஸ் கோத்த கதையைப் படித்தேன். உன் மாமனார் ராஜாவானதையும் படித்தேன். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

ஒரு உதவி வேண்டும். இங்கே லெஸ்டர் போகும் சபையில் எட்டு வருஷமாகப் பின்வரிசையில் உட்கார்ந்து வருகிறேன். திருவிருந்து அப்பமும் திராட்சரசமும் வரும்போது தட்டை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவேன். போன ஞாயிறு நெட்டி எல்லோர் காதிலும் விழக் கேட்டாள்: "அம்மா, நீ மட்டும் ஏன் எடுக்கறதே இல்ல? நீ என்ன தப்பு செஞ்சே?" உறுப்பினராகச் சேர வேண்டுமென்றால் பழைய சபையிலிருந்து நற்சான்றுக் கடிதம் வேண்டும் என்கிறார் இங்குள்ள போதகர்.

எனக்கு யார் கொடுப்பார்கள்? இன்று உன் மாமனாராக இருக்கும் சபை டீக்கன் ஆசா ட்ரிவெட், எல்லையைக் குறித்த ஓக் மரத்தை வெட்டி ஹேட்டியின் நிலத்தைச் சேர்த்துக்கொண்டார், என் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன். அப்போது எனக்கு வயது பதினாறு. "கிரியர் வீட்டுல வாயத் தொறந்தா கதைதான் வரும்" என்றார் அவர். சபை முழுக்கச் சிரித்தது. அப்புறம் பொய் சொன்னவள் என்று கை தூக்கி என் பெயரை நீக்கினார்கள்.

பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இப்போது வேறு போதகர்தானே? கேட்டுப் பார்.

அன்புடன்,
வெர்லி

---

டார்க் ரிட்ஜ்
8 நவம்பர் 1953

அன்புள்ள வெர்லி,

நலமா? இங்கே முதல் உறைபனி விழுந்துவிட்டது. பன்றி அடித்து உப்பிட்டாயிற்று. தேன் அனுப்பியிருக்கிறேன்.

போதகர் வைலியிடம் கேட்டேன். நல்ல மனிதர். அன்பாகத்தான் பேசினார். "அந்தப் பிள்ள ஒரு தரம் வந்து நிக்கட்டும் சிஸ்டர். நான் சொன்னது பொய், மன்னிச்சுக்குங்கன்னு ஒரு வார்த்தை. அதோட முடிஞ்சுது. கடுதாசிய நானே எழுதிக் கையில தர்றேன்" என்றார்.

ஒரு வார்த்தைதானே வெர்லி. நெட்டிக்காக. அன்று இருந்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? பஸ் கட்டணம் நான் அனுப்புகிறேன்.

மாமா இப்போதெல்லாம் ஞாயிறு மதியம் இங்கே சாப்பிட வருவதில்லை. பல் வலி என்கிறார்.

உன் அக்கா,
ஆர்ஃபா

---

ஆக்ரன்
29 நவம்பர் 1953

அன்புள்ள அக்கா,

தேன் வந்தது. நன்றி. எல்லோரும் நலம்.

போதகர் சொன்னபடி வந்து சொன்னால், அந்தச் சபையில் நான் சொல்லும் முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். வேண்டாம். நெட்டிக்காகத்தான் வேண்டாம் என்கிறேன்.

உன் மிஸ் விட்லாக் எனக்கும் எழுதியிருக்கிறாள். முகவரி நீ கொடுத்தாயாம். எனக்கு ஏதாவது கதை தெரியுமா என்று கேட்கிறாள். தெரியாது என்று பதில் போட்டேன். உன் கதைகளைக் கல்லூரியில் சின்னப் புத்தகமாக அச்சடிக்கிறார்களாம். ஒரு பிரதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். என்ன இருந்தாலும் நீ சொன்னது.

கிறிஸ்துமஸுக்கு உனக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னுகிறேன். கையளவு அனுப்பு.

வெர்லி

---

டார்க் ரிட்ஜ்
10 ஜனவரி 1954

அன்புள்ள வெர்லி,

அளவே அனுப்பாமல் ஸ்வெட்டர் எப்படி இவ்வளவு சரியாக வந்தது? டாலஸ் தொட்டுப் பார்த்து, "உன் தங்கச்சி கண்ண மூடிட்டே பின்னுவாபோல" என்றார். இங்கே எல்லோருக்கும் சளி. வேறு தொந்தரவு இல்லை.

அந்தப் புத்தகத்துக்காகக் காத்திருக்காதே. அப்பா சொல்லி நீ நூறு தரம் கேட்டதுதான். அச்சில் பார்த்தால் சப்பென்று இருக்கும். அனுப்ப வேண்டாம் என்று மிஸ் விட்லாக்குக்கு நானே எழுதிவிடட்டுமா? அவளுக்கும் தபால் செலவு மிச்சம்.

நெட்டிக்கு முத்தம்.

ஆர்ஃபா

---

ஆக்ரன்
7 மார்ச் 1954

அன்புள்ள அக்கா,

நலம். நீங்களும் நலம்தானே.

புத்தகம் வந்துவிட்டது. நான்காவது கதை, ராஜாவின் நிலத்தை ஒரு குடியானவரின் இளைய மகன் ஒரே இரவில் உழுது முடிப்பது. குறி வெட்டிய மரம் வரைக்கும் உழுதால் அத்தனையும் உனக்கு என்று ராஜா வாக்குக் கொடுக்கிறார். பையன் முடித்துவிடுவான்போல இருந்ததும், விடிகிற நேரத்தில் போய் மரத்தையே வெட்டிவிடுகிறார். அடியில் மிஸ் விட்லாக் ஒரு குறிப்பு போட்டிருக்கிறாள்: 'இந்தக் குடும்பத்தின் கதைகளில் ராஜாவுக்குப் பரம்பரையாக வழங்கும் பெயர் ஆசா.' அதைப் படித்துச் சிரித்தேன். இந்த விஷயத்தில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அதற்கு மேலே பத்து வரி தள்ளி இப்படி இருக்கிறது: 'அங்கே ஒரு பசு மேய்ந்துகொண்டிருந்தது. மணிச் சத்தம் கேட்டு யாராவது தேடி வந்துவிடப் போகிறார்களே என்று, ராஜா ஆசா ஒரு கைப்பிடி மரப்பாசியைப் பிடுங்கி அதன் கழுத்து மணிக்குள் திணித்தார்.'

அப்பா சொன்ன கதையில் பசுவும் இல்லை, மணியும் இல்லை.

அவர் மரம் வெட்டிய அன்று காலை நான் நம் பசு பிளாஸத்தைத் தேடித்தான் போனேன். ஒரு மணி நேரம் காது கொடுத்துக் கேட்டும் மணி கேட்கவில்லை. அப்படி அலைந்ததில்தான் கோடரிச் சத்தத்தின் பக்கம் போனேன். மணி ஏன் கேட்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. சபையிலும் நான் பசுவைப் பற்றிப் பேசவில்லை.

பாசி உனக்கு எப்படித் தெரியும்?

வெர்லி

---

டார்க் ரிட்ஜ்
30 மார்ச் 1954

அன்புள்ள வெர்லி,

பதில் தாமதமாகிவிட்டது. மன்னித்துக்கொள். நீங்கள் மூவரும் நலம் என்று நம்புகிறேன். இங்கே மார்ச்சில் முழங்கால் வரை பனி. கன்று போட்ட பசுவுக்கு மடி வீங்கி, டாலஸும் நானும் மாற்றி மாற்றி வெந்நீர் ஒத்தடம் கொடுத்தோம். சாலையில் தபால் வண்டி பத்து நாள் வரவில்லை.

நீ கேட்டதற்கு என்ன எழுத? கதை சொல்லும்போது வாய்க்கு வந்தது வரும். உனக்குத் தெரியாததா? எல்லோரும் ஒரு பசுவின் மணியில் ஒரு தரமாவது எதையாவது அடைத்திருப்பார்கள். அங்கே ஏதாவது சேர்க்க வேண்டும்போல இருந்தது, சேர்த்தேன்.

உருளைக்கிழங்கு விதைக்க இன்னும் மண் இளகவில்லை.

ஆர்ஃபா

---

ஆக்ரன்
4 ஏப்ரல் 1954

அக்கா,

நாங்கள் நலம்.

அன்றைக்கு நான் வெறுங்கையோடு ஓடி வந்தேன். பிளாஸத்தை வீட்டுக்கு ஓட்டி வந்தது நீ. வாசலில் நுழைந்தபோது மணி அடித்துக்கொண்டு வந்தது.

வெர்லி

---

டார்க் ரிட்ஜ்
14 ஏப்ரல் 1954

வெர்லி,

நீ சுகமாக இருக்க வேண்டும்.

மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நீ ஓடைப் பக்கம் போனாய். நான் மேல்வழியாகப் போனேன். உனக்கு முன்பே பிளாஸத்தைக் கண்டுவிட்டேன். ஆனால் டீக்கன் ஆசா அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த அக்டோபரில் அவர் மகன் டாலஸோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கலைந்த தலையோடும் அழுக்குப் பாவாடையோடும் அவர் கண்ணில் படக் கூடாது என்று புதருக்குள் ஒதுங்கினேன். அவ்வளவுதான் காரணம். அவர் பசுவின் கழுத்தைத் தட்டிக் கொடுத்து, மணியில் பாசியைத் திணித்து, பசுவை ஒரு கிளையில் கட்டினார். அப்புறம் கோடரியை எடுத்தார். எல்லைக்கு அடையாளமாக மூன்று வெட்டுக்குறி இருந்த பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். நீ கீழேயிருந்து வந்து நின்றதையும் பார்த்தேன். நீ ஓடியதையும் பார்த்தேன். அவர் மரத்தின் மேல் புதரை வெட்டிப் போட்டு நெருப்பு வைக்கும்வரை அங்கேயே இருந்தேன். அவர் போன பிறகு மணியிலிருந்து பாசியை விரலால் தோண்டி எடுத்தேன்.

சபை உன்னை நம்பாவிட்டால் நானும் எழுந்து சொல்வோம் என்றுதான் முதலில் இருந்தேன். நம்பவில்லை. நம் இருவருக்கும் சேர்த்து நீயே அவர்கள் சிரிப்பை வாங்கிக்கொண்டிருந்தாய். நானும் கிரியர் வீட்டுப் பெண்தானே, என்னை மட்டும் நம்புவார்களா என்று நினைத்தேன். அப்புறம் கல்யாணம். அப்புறம் நீ பஸ் ஏறிவிட்டாய். அதன் பிறகு சொல்வதற்கு ஒரு நாளும் தோதாக வரவில்லை.

செப்டம்பரில் விளையாட்டுக்குத்தான் ராஜாவுக்கு அவர் பெயரை வைத்தேன். அவர் பெயரும் கோடரியும் மரமும் ஒரே வாயில் சேர்ந்து வந்ததும் பசுவும் வந்துவிட்டது. எல்லோர் கையிலும் பீன்ஸ். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கை மட்டும் நின்றது. நான் நிறுத்தியிருக்கலாம். மணியை அடைத்து முடிக்கும்வரை நிறுத்தவில்லை.

ஒரு வார்த்தைதானே, வந்து பொய் என்று சொல்லிவிடு என்று உனக்கு எழுதியவளும் நான்தான்.

ஆர்ஃபா

---

டார்க் ரிட்ஜ்
2 மே 1954

அன்புள்ள வெர்லி,

உன்னிடமிருந்து பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. நீங்கள் மூவரும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன்.

டாலஸிடம் சொன்னேன். கலப்பைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். வெகுநேரம் துணியால் ஒரே இடத்தைத் துடைத்தார்.

"பன்னெண்டு வருஷமா ஒரே மேசையில சாப்பிடறோம். என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

"மாட்டேன்." துணியைக் கீழே போட்டுவிட்டு, "ஆனா நீ சொல்லியிருக்கணும்" என்றார். நேற்றுக் காலை அவரே வண்டியை எடுத்து வாசலில் நிறுத்தினார்.

நேற்று சபையின் மாதக் கூட்டம். கூரைக்குத் தகடு போடுவது பற்றிப் பேசி முடித்ததும் எழுந்து நின்றேன். பெண்கள் எழுந்து பேசி அங்கே யாரும் பார்த்ததில்லை. உனக்கு எழுதியதை அப்படியே சொன்னேன். முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

போதகர் வைலி கண்ணாடியைக் கழற்றினார். "சிஸ்டர் ஆர்ஃபா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க புத்தகம் வரைக்கும் போனவங்க. இது கதையா, நடந்ததா?"

"கதைன்னா இதைவிட நல்லா சொல்லியிருப்பேன், பிரதர்."

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். அன்று உன்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பாக அது எனக்குத் தோன்றவில்லை.

மாமா டீக்கன் பெஞ்சில் இருந்தார். மரத்தைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன். எழுந்து, "அந்தப் பசு என் சோளத்துல எறங்கியிருந்துச்சு. அதான் புடிச்சுக் கட்டினேன். மணி காதைப் பொளந்துச்சு, பாசிய வச்சேன். இது ஒரு குத்தமா?" என்றார்.

ஹேட்டி உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்: "மணிச் சத்தம் ஒனக்கு எதுக்குப்பா எடைஞ்சல்? அங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தே?"

அவர் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் கூட்டம் முடியும்வரை தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

எழுத்தர் ரூஃபஸ் பழைய நோட்டை எடுத்து 1941-ஆம் வருஷப் பக்கத்தை வாசித்தார். அந்தத் தீர்மானம் ரத்து. உன் பெயர் மறுபடி ஏறிவிட்டது. உனக்கு நற்சான்றும் இரண்டு தீர்மானங்களின் நகலும் ரூஃபஸ் தபாலில் அனுப்புகிறார். மாமா டீக்கன் பொறுப்பை விட்டுவிட்டார். நில விஷயத்தை ஜூன் கூட்டத்தில் எடுப்பார்கள். டாலஸ் தன் பங்குக்கு வேலியைப் பழைய இடத்துக்கே நகர்த்துவதாக ஹேட்டியிடம் சொல்லிவிட்டார். தெரிந்தும் மறைத்ததற்காக என்னை மூன்று மாதம் அப்பம் எடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சரிதான்.

எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்.

உன் அக்கா,
ஆர்ஃபா

---

ஆக்ரன்
30 மே 1954

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். நெட்டிக்குப் புதுப் பற்கள் வந்துவிட்டன. அத்தானுக்கு என் வணக்கம் சொல். வேலியை நகர்த்த ஒப்புக்கொண்டதற்கு நன்றி சொல்.

ரூஃபஸ் அனுப்பிய உறை போன வாரம் வந்தது. நற்சான்றை இங்குள்ள போதகரிடம் கொடுத்தேன். இன்று காலை என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். தட்டு வந்தது. எடுத்துக்கொண்டேன். நெட்டி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாள். உப்பில்லாத பிஸ்கட் மாதிரி என்றேன். உண்மையும் அதுதான்.

நீ எழுந்து நின்றதற்கு நன்றி. அந்தப் பெஞ்சுகளின் நடுவில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் எழுதிவிட்டேன் என்கிறாய். 1941-ஆம் வருஷ நகலில் ஒரு வரி இருக்கிறது. ரூஃபஸ் அதை வாசித்தபோது நீ அங்கேதான் இருந்தாய். 'உறுப்பினர் நாற்பத்தொன்று. பெயரை நீக்கச் சம்மதித்துத் தூக்கிய கைகள் நாற்பது.' மீதி ஒன்று நான்.

அப்பா சபையில் சேராதவர். ஹேட்டி சேர்ந்தது பிறகுதான். நம் வீட்டிலிருந்து அங்கே இருந்தது நாம் இருவர்தான். கை தூக்கச் சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். யார் தூக்கினார்கள், யார் தூக்கவில்லை என்று பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை. உன் கை மட்டும் மடியில் இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டேன். இந்த ஊரில் முதல் இரண்டு வருஷத்தை அதை வைத்துத்தான் ஓட்டினேன்.

இதற்குக் கடிதத்தில் பதில் எழுதாதே. உனக்கு எழுத வரும். நன்றாகவே வரும். எனக்கு அது வேண்டாம்.

ஜூலை முதல் வாரம் ஆலையை மூடுவார்கள். வியாழக்கிழமை பிற்பகல் பஸ்ஸில் நெட்டியோடு வந்து இறங்குவேன். ஹேட்டி வீட்டில் தங்குகிறேன், அவளுக்கு எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை நீ அங்கே வா. தனியாக வா. என் எதிரில் உட்கார்ந்து சொல்.

உன் தங்கை,
வெர்லி